ஓ.டி.பி. கடலுக்குப் போயிருக்கிறது

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கான செயலிகளையும் இணையப் பதிவேடுகளையும் வடிவமைப்பவர்களுக்கும், அவற்றைச் செய்யச்சொல்லி ஆணையிடுபவர்களுக்கும், மாதந்தோறும் அவற்றைத் திரையில் திறந்துவைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துபவர்களுக்கும்



“சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, ஃபீல்டு ஸ்டாஃப்தான் ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க.” இந்த வாக்கியம் காதில் விழாத ஆய்வுக் கூட்டம் அரிது. இந்த மடல் அதற்கான பதில்.

மின்னணு மருத்துவப் பதிவுகள் குறித்துச் சுகாதாரப் பணியாளர்களின் மனப்பான்மை என்ன என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. வயது, படிப்பு, கணினிப் பழக்கம், பெற்ற பயிற்சி என்று பிரித்து, யாருக்கு விருப்பம், யாருக்கு வெறுப்பு என்று அட்டவணை போடுகிறார்கள். அளவுகோல் பெரும்பாலும் பணியாளர் பக்கமே நீட்டப்படுகிறது. அவர் கையில் கொடுக்கப்பட்ட பொருளின் பக்கம் அது திரும்புவது குறைவு. அப்படித் திருப்பிப் பார்ப்பதற்கு மரக்காணம் நல்ல இடம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவருக்கு மரக்காணத்தை நெருங்கும்போதே கண் கூசும். ஏறத்தாழ 3,500 ஏக்கருக்குப் பாத்தி பாத்தியாக உப்பளம். மேற்கே கழுவெளி ஏரி, கிழக்கே மீனவக் குப்பங்கள், தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நடக்கும். மழை வந்துவிட்டால் பாத்திகள் மூழ்கும், கூலியும் மூழ்கும். வேறு வேலை தேடி வெளியூர் போகிறவர்கள் உண்டு. வேலை நடக்கும் மாதங்களிலும் அளத்துக்குப் போவது விடிவதற்கு முன்னால். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் குவித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு அலுவலகம் திறக்கும் அரசாங்கத்துக்கும் விடியலுக்கு முன் வேலை தொடங்கும் ஊருக்கும் நேரம் ஒத்துப்போவதில்லை.

இந்தக் கரையில் அரசு மருத்துவத்தின் முகம் மருத்துவர் அல்ல, “நர்சம்மா”. கோப்பில் அவர் பெயர் கிராம சுகாதாரச் செவிலியர். விதிப்படி சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா. கர்ப்பிணியைக் கண்டுபிடிப்பது, எடை பார்ப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, பிரசவத்துக்கு அனுப்புவது, பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, காய்ச்சல் வந்த தெருவை மேலிடத்துக்குச் சொல்வது என அவருடைய வேலை நீள்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்த பிறகு, சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியும் மாத்திரைப் பையுமாக வீடு வீடாகச் செல்கிறார்கள். நர்சம்மாவுக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு சொல் இருக்கிறது: “என்ட்ரி”.

எத்தனை என்ட்ரி என்று உங்களில் யாராவது ஒரே தாளில் எழுதிப் பார்த்தது உண்டா? கர்ப்பிணிக்குப் பிக்மி. தடுப்பூசிக்கு யு-வின். காசநோய்க்கு நிக்‌ஷய். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொற்றாநோய்த் தளம். காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு ஐ.எச்.ஐ.பி. மாதக் கணக்குக்கு எச்.எம்.ஐ.எஸ். இவை எல்லாவற்றையும் நர்சம்மாவே தட்டச்சு செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு விவரம் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். சர்க்கரை உள்ள ஒரு கர்ப்பிணி பிரசவித்து, குழந்தைக்குத் தடுப்பூசியும் போட்டுவிட்டால், அவள் மூன்று தளங்களில் மூன்று பெண்களாக வாழத் தொடங்குகிறாள். ஒன்றில் ‘சரஸ்வதி’, இன்னொன்றில் ‘எம்.சரஸ்வதி’, மற்றொன்றில் கணவர் பெயர் முன்னால் வந்துவிடும். மூவரும் ஒருவரே என்று தெரிந்த ஒரே தளம் நர்சம்மாவின் தலை.

இவ்வளவுக்கும் பிறகு காகிதப் பதிவேடு நிற்கவில்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, தாய் சேய்ப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று கோடு போட்ட நோட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பது நோட்டைத்தான். அதனால் பகலில் நோட்டு, மாலையில் திரை. “ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சர்வர் லேசாகும்” என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தொழில்நுட்ப அறிவு. அந்தப் பத்து மணி அவருடைய சொந்த வீட்டின் பத்து மணி. சம்பளப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது.

இனி, தலைப்பிலுள்ள விஷயம்.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண்ணை ஒருவருக்கு உருவாக்க, பொதுவாக ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். குப்பத்து வீடுகள் பலவற்றில் ஆதாரோடு இணைந்த எண் கணவருடையது. கணவர் கடலில். கரையிலிருந்து சில கடல்மைல் போனால் சிக்னல் இல்லை. நர்சம்மா வாசலில் நிற்கிறார், மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆறு இலக்க எண் மட்டும் படகில் இருக்கிறது. உப்பளத்துப் பக்கம் போனால் வேறு கதை. வீடு பூட்டியிருக்கும். அளத்து வரப்பில் போய்ப் பிடித்தால், கைபேசி வீட்டில் இருக்கும். ஓ.டி.பி.க்குப் பதில் விரல் ரேகை கேட்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் ஊறி, வாருபலகையைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு அந்த யோசனையைச் சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு நர்சம்மா அலுத்துக்கொண்டால் அதற்கு ‘தொழில்நுட்ப எதிர்ப்பு மனநிலை’ என்று பெயர் வைக்கிறீர்கள். அவருடைய கைபேசியை வாங்கிப் பாருங்கள். ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். “அனுப்பிவிடுங்க” என்று சில நிமிடங்களில் பதில் வந்திருக்கும். எந்தக் குழந்தைக்கு எந்தப் புதன்கிழமை ஊசி என்று குரல் செய்தி போட்டிருப்பார். யாரும் பயிற்சி கொடுக்காமல், யாரும் ஆணை போடாமல் அவர்களே கட்டிக்கொண்ட மின்பதிவு அது. நோயாளியின் அந்தரங்கம் அதில் காற்றில் பறக்கிறது என்பது வாஸ்தவம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் அது சரியான வழியும் அல்ல. ஆனாலும் அதை ஏன் தினமும் திறக்கிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. கேட்டதற்குப் பதில் வருகிறது, அவ்வளவுதான். உங்கள் தளத்தில் விவரம் போகிறது. போனது போனதுதான். அடுத்த மாதம் ‘உங்கள் வட்டாரம் 17ஆம் இடம்’ என்று வேறு உருவத்தில்தான் திரும்பி வரும்.

பயன் திரும்பி வந்தால்தான் பதிவு ஒட்டும் என்பதற்குப் பிக்மியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2008இல் தொடங்கியபோது அது துறைக்குள் ஓடிய ஒரு கணக்கு மட்டுமே. இன்று “பிக்மி நம்பர் வாங்கியாச்சா?” என்று மாமியார்கள் மருமகளைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் அந்த எண்ணோடு கட்டப்பட்டது. 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும் என்றானது. எண்ணுக்கு ஒரு பயன் வந்தவுடன் எண் வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஆனால் அந்தப் பயன் தாய்க்கு. எழுதும் செவிலியருக்கு மிஞ்சியது, பணம் வராதவர்கள் வாசலில் வந்து போடும் சண்டை.

பிக்மி செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். மரக்காணம் பக்கத்து அனுமந்தையில் பதிவான கர்ப்பிணி ஏழாம் மாதம் திண்டிவனம் பக்கம் போய்விடுவாள். ‘விசிட்டர்’ என்று செவிலியர்கள் குறிப்பிடும் இந்தப் பெண்களை முன்பு இரு ஊர் நோட்டுகளும் தவறவிடும் ஆபத்து இருந்தது. எண் வந்த பிறகு, போன இடத்து நர்சம்மாவால் அவளுடைய பழைய இரத்த அழுத்தத்தைப் பார்க்க முடிகிறது. இதை மறுக்கும் நர்சம்மா யாரும் இருக்க முடியாது. அவர்களுடைய கோபம் மின்பதிவின் மீது என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒன்றையே இரண்டு முறை, மூன்று முறை எழுதவைப்பதன் மீதுதான் கோபம்.

காகிதத்தை அவர்கள் விடாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் கூட்டங்களில் பேசப்படுவதில்லை.

ஒன்று, புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் கரையைக் கடந்தது மரக்காணத்தை ஒட்டித்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் போகும், கோபுரம் போகும், சிக்னல் போகும். பிரசவ வலி மட்டும் காத்திருக்காது. எந்த வீட்டில் எட்டு மாதம், எந்த வீட்டில் ஒன்பது மாதம் என்ற பட்டியல் அன்றைக்கு வேண்டும். பாலித்தீன் பையில் சுற்றி வைத்த நோட்டு அன்றைக்குத் திறக்கும். செயலி திறக்காது. இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும் வசதி சில செயலிகளில் இருக்கிறது என்பீர்கள். அது எழுதிவைக்க உதவும். முன்பு எழுதியதையெல்லாம் எடுத்துக் காட்டுமா என்பதுதான் புயல் இரவின் கேள்வி. இது கடற்கரைக்கு மட்டுமான பயமும் அல்ல. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியபோது, நாட்டின் முதல்நிலை மருத்துவமனையே ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவுக்குத் திரும்பியது.

மற்றொன்று, விசாரணை. தமிழ்நாட்டில் மகப்பேற்றின்போது ஒரு பெண் இறந்தால் அது முறையாக விசாரிக்கப்படுகிறது. மாவட்ட ஆட்சியர் வரை போகிறது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு நாட்டின் மகப்பேறு இறப்பு 97ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54ஆக இருந்ததில், இந்த விசாரணை மரபுக்கும் பங்குண்டு. அந்த விசாரணையில் முதலில் திறக்கப்படுவது பதிவேடு. எந்தத் தேதியில் பார்த்தாய், என்ன எழுதினாய், ஏன் அனுப்பவில்லை? அப்போது பதிவு மருத்துவக் குறிப்பு என்ற நிலையிலிருந்து சாட்சி என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய ஒன்றை மனிதர்கள் மனம்திறந்து எழுதமாட்டார்கள். தன் கையெழுத்தில், தன் பீரோவில் இருக்கும் நோட்டு தன்னோடு இருக்கும். திரையில் போட்டதோ யாரிடம் இருக்கிறது, யார் திருத்தலாம், யார் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

இதன் விளைவு நீங்கள் அறியாததல்ல. வரிசையாக 110/70, 120/80, 110/70, 120/80 என்று இரத்த அழுத்தம் பதிவான பட்டியலைப் பார்த்ததில்லையா? கருவியில் பேட்டரி தீர்ந்திருக்கலாம், வீடு பூட்டியிருந்திருக்கலாம், ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் சிவப்பாகும், சிவப்பு மெமோவாகும். ஆகவே கட்டம் நிரம்புகிறது. இது செவிலியர் தரப்பின் குற்றம், அதை மூடிமறைக்க இந்த மடல் எழுதப்படவில்லை. தணிக்கைக்காக நிரப்பிய ஓர் எண் நாளை ஒரு மருத்துவரின் கண்ணில் ‘இயல்பான அழுத்தம்’ என்று படும். அதன் ஆபத்தை அந்தச் செவிலியரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ‘வீடு பூட்டியிருந்தது’, ‘கருவி பழுது’ என்று உண்மையைச் சொல்ல ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தியவரை யாரும் திட்டாமல் இருந்தால் இந்தப் பொய் எண்களில் பெரும்பகுதி மறையும். நிரலாளருக்கு அரை நாள் வேலை. திட்டாமல் இருப்பதற்குத்தான் அதிகாரிக்குப் பயிற்சி வேண்டும்.

சரி, இந்தக் கரைக்கு மின்பதிவே வேண்டாமா? நாட்டிலேயே மிக அவசரமாக அது தேவைப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் காலாப்பட்டு பிம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பிரிந்து சேர்க்கப்பட்டார்கள். ஒரே குப்பத்து மக்கள், ஒரே விஷம், மூன்று வெவ்வேறு நிர்வாகங்கள்: ஒன்று தனியார், ஒன்று மத்திய அரசு, ஒன்று மாநில அரசு. சாதாரண நாட்களிலும் இந்தப் பகுதியின் நோயாளி இப்படித்தான் அலைகிறார். சர்க்கரை மாத்திரை துணை சுகாதார நிலையத்தில், இதயப் பரிசோதனை ஜிப்மரில், கண் புதுச்சேரியில், விபத்து முண்டியம்பாக்கத்தில். ஒவ்வோர் இடத்துக்கும் அவர் தூக்கிப்போவது ஒரு மஞ்சள் பை. அதில் ஓரம் கிழிந்த சீட்டுகள், மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், பழைய மாத்திரை அட்டை. மாநில எல்லையைக் கடந்து பேசும் ஒரு பதிவு இந்தப் பையின் இடத்தைப் பிடித்தால் அது பெரிய காரியம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் அறிவிக்கப்பட்டபோது சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரி ஒன்று. 2021 செப்டம்பர் 27இல் அது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமாக நாடு முழுக்க விரிந்தது. ஆக, அந்தத் தேசிய மின்பதிவுத் திட்டம் முதலில் சோதிக்கப்பட்ட மண்ணுக்கு ஒரு மணி நேரப் பேருந்து தூரத்தில் இருக்கிறது மரக்காணம். அந்த மண்ணின் மருத்துவமனைகளுக்குத்தான் இவ்வூர் மக்கள் போய்வருகிறார்கள். போகும்போது மஞ்சள் பை இல்லாமல் போக யாருக்கும் துணிவில்லை.

உப்பளத் தொழிலாளிக்கு இது இன்னும் முக்கியம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், கழிப்பறை இல்லாததால் சிறுநீரை அடக்குவதும், வெயிலும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை இது. ஒருநாள் பரிசோதனையில் பிடிபடாது. ஒரே ஆளின் கிரியாட்டினின் எண்ணைப் பத்து வருடம் வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்யக்கூடியது மின்பதிவு ஒன்றுதான்.

ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் படிவத்தைப் பாருங்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தொற்றாநோய் அபாயத்தைக் கேட்டறிய நாடு முழுதும் பயன்படும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில் தொழில்சார்ந்த ஆபத்து பற்றி ஒரு கேள்வி உண்டு. பயிர்த்தாள் எரிப்பதா, குப்பை எரிப்பதா, செங்கல் சூளை, கண்ணாடித் தொழிற்சாலை போன்ற புகை, தூசி உள்ள இடத்தில் வேலையா என்று அது கேட்கிறது. நுரையீரலை மனதில் வைத்து வடக்கே யாரோ எழுதியது, தவறில்லை. உப்பளம் அதில் இல்லை. வெயிலும் இல்லை. ஆக, 3,500 ஏக்கர் உப்பளத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒரு நர்சம்மா அந்தப் பெண்ணைப் பதிவுசெய்கிறார். பதிவில் அவளுக்குத் தொழில்சார்ந்த ஆபத்து ‘இல்லை’.

செவிலியர் எதற்காக இதை மதிக்க வேண்டும்?

மதிக்கும்படி ஒன்றைச் செய்யவே முடியாதா என்றால், இதே தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ எளிமையான ஒன்று. காசநோய் கண்டறியப்பட்டவரிடம் உடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ஆய்வகம் வேண்டாம், மருத்துவர் வேண்டாம். ஒரு காகித அட்டை போதும். அதைப் பூர்த்தி செய்து முடிக்கும்போதே இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் இணையத் தளத்தில் ஏற்றும் வேலை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து உருவாக்கிய இந்த முறையைக் களப்பணியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து விவரங்கள் எழுதினால் ஒரு முடிவு கையில் கிடைக்கிறது. கொடுத்தது எழுதியவருக்கே திரும்புகிறது, எழுதிய அந்த நிமிடத்திலேயே. மனப்பான்மை ஆய்வு எதுவும் நடத்தாமலே மனப்பான்மை சரியாக இருந்தது.

எழுதுபவரிடமிருந்து தொடங்கும் இந்த அணுகுமுறை புதிதும் அல்ல. 1990களின் நடுவிலேயே ராஜஸ்தானின் அஜ்மீர் பகுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியைக் கிராமச் செவிலியர்களுக்காக வடிவமைத்துப் பார்த்தார்கள். கருவி பிறகு சந்தையிலிருந்தே போய்விட்டது. ஆனால் அவர்கள் முதலில் செய்தது செவிலியரோடு வீடு வீடாக நடந்து, அவர் என்ன வரிசையில் பேசுகிறார், எப்போது எழுதுகிறார் என்று கவனித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த சில செயலிகளில் அந்த நடையின் சுவடே தெரியவில்லை.

வெளிநாட்டிலும் நிலைமை அப்படியொன்றும் சொர்க்கம் அல்ல. அமெரிக்காவில் 57 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கண்டது. 2012இல் அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்று ஏழு வயதுச் சிறுமி வரைந்த படத்தை வெளியிட்டது. தான், அக்கா, அம்மா, குழந்தை எல்லாரும் ஒரு பக்கம், மருத்துவர் முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறார். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்து ஆணைகளைக் கணினிவழியாக்கிய பின், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.8இலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்ததாக 2005இல் அங்கிருந்தவர்களே எழுதினார்கள். குழந்தை வந்து பதிவாகும்வரை மருந்துக்கு ஆணை போட முடியாமல் போனது ஒரு காரணம். செவிலியர்கள் படுக்கையை விட்டுத் திரைக்கு நகர்ந்தது இன்னொன்று. ஆனால் அதே மென்பொருளைச் சியாட்டில் மருத்துவமனை அறிமுகப்படுத்தியபோது இறப்பு கூடவில்லை. ஆணைத் தொகுப்புகளை முன்கூட்டியே தயார் செய்து, வேலை நடக்கும் முறைக்கேற்ப அதை இறக்கினார்கள். இரண்டு ஊரிலும் இருந்தது ஒரே மென்பொருள்.

அங்கே மருத்துவர்கள் முணுமுணுத்தால் இதழ்கள் எழுதுகின்றன. இங்கே முணுமுணுப்பவர்கள் பெண்கள், தொகுப்பூதியக்காரர்கள், தன்னார்வலர்கள். அவர்களுடைய விமர்சனம் ‘ஒழுங்கின்மை’ என்று கோப்பில் ஏறுகிறது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். தரமற்ற கருவி, புரியாத ஆங்கிலத்தில் செயலி என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆண்டு ஹரியாணா ஆஷா பணியாளர்கள் தங்கள் கைபேசியில் ஒரு கண்காணிப்புச் செயலியை ஏற்ற மறுத்தார்கள். எங்கே போகிறோம் என்று பார்க்கும் கருவி நோயாளிக்கு என்ன செய்யும் என்று கேட்டார்கள். உங்கள் வடிவமைப்புக்கு இலவசமாகக் கிடைத்த மதிப்புரைகளாக அவற்றை வாசித்திருக்கலாம்.

மரக்காணத்துக்கு என்ன செய்யலாம் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நர்சம்மா காலையில் செயலியைத் திறந்தால் ‘நேற்று எத்தனை விடுபட்டது’ என்ற திட்டு முதலில் வரக் கூடாது. ‘இன்று பார்க்க வேண்டிய எட்டு வீடு’ என்ற பட்டியல் வர வேண்டும், இணைப்பு இல்லாவிட்டாலும் அது திறக்க வேண்டும். உப்பு ஓடும் மாதங்களில் அந்தப் பட்டியல் மாலை நேரத்துக்கு நகர வேண்டும். ஓ.டி.பி. வராத வீட்டில் அதற்காகச் சிகிச்சைப் பதிவு நிற்கக் கூடாது, எண்ணைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ‘உப்பளம்’ என்று ஒரு கட்டம் வேண்டும், அதைத் தொட்டால் சிறுநீரகப் பரிசோதனை நினைவூட்டல் வர வேண்டும். காலாப்பட்டிலும் ஜிப்மரிலும் எழுதியது மரக்காணம் பக்கத்துக் கூனிமேட்டிலும் கந்தாட்டிலும் திறக்க இரு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இது மட்டும் கொஞ்சம் கஷ்டம், மற்றவை ஒரு பருவத்துக்குள் முடியும். விசாரணைக்குப் பயன்படும் பதிவு எது, சிகிச்சைக்கான பதிவு எது, யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் செவிலியருக்குத் தமிழில், ஒரே பக்கத்தில், கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். இந்தத் தேதி முதல் இன்னின்ன பதிவேடுகள் காகிதத்தில் எழுதத் தேவையில்லை, ஆய்வுக்கு வரும் எந்த அதிகாரியும் அவற்றைக் கேட்கக் கூடாது என்று. பயிற்சி முகாமுக்கும் புதிய பதிப்புக்கும் நிதி ஒதுக்குவதற்கு முன் இதை வெளியிடுங்கள். எந்தெந்தப் பதிவேடுகள் என்பதைச் செவிலியர்களிடமே கேட்டால் அன்று மாலைக்குள் பட்டியல் வந்துவிடும்.